ஜமீனுக்கு விழுந்த பங்கு

கருவேலங்குளம்,
3.3.2025

அன்பு மாப்பிள்ளை வசந்தகுமாருக்கு,

உன் தாய்மாமன் கூத்தையா எழுதுவது. நடந்தது எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உன்னைப் போலீஸ் வேனில் ஏற்றிய அன்றைக்கே உன் அத்தை ஈஸ்வரியிடம், “இந்த நாய் இனிமே ஒழுங்காத் திங்காது, ஒழுங்கா வெளிக்கும் போகாது, எழுதி வச்சுக்க” என்றேன். அவள் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் இப்போது சாட்சியாக இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். சந்தேகப்பட இதில் ஒன்றுமில்லை. ஒரு நாயின் மலம் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

ஜெயிலில் உன்னை மனு பார்க்க வந்தபோதெல்லாம் நீ வெளியே வரவில்லை. “வர மாட்டேங்கிறாருங்க” என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் இருக்கட்டும். உன் நாய் ஜமீனுக்கு உடம்பு சரியில்லை. அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் நம் குலசாமிக்கு மாசிக் களரி பிரமாதம். வெட்டுவதற்குச் சாமி உத்தரவு கேட்டுக் கிடாய் மேல் தண்ணீர் தெளித்தார்கள், அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கவே இல்லை. பூசாரி தெளித்தார், பெரிய வீட்டுக்காரர் தெளித்தார், அசையவில்லை. நான் முன்னால் போய் நின்று ஒரு பார்வை பார்த்தேன். தலையிலிருந்து வால் வரை துலுக்கிவிட்டது. ராமேஸ்வரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பங்கு பிரிக்கும்போதுதான் வம்பு வந்தது. உன் வீட்டுத் தலைக்கட்டுக்குப் பங்கு வைக்கச் சொன்னேன். பாண்டித்துரை எழுந்து, “பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு எதுக்குய்யா பங்கு?” என்றான். நான் விடுவேனா? “ஏலே, பூட்டிக் கெடக்கா? வாசல்ல ஜமீன் படுத்திருக்கான், உனக்குக் கண்ணு தெரியலையா?” என்றேன். பங்கை எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு தலைக்கட்டுக்கு விழுந்த சாமி கறியை இன்னொரு வீட்டார் தொடக் கூடாது. அந்த வீட்டு ஆள்தான் தின்ன வேண்டும். உன் அய்யாவும் இல்லை, என் அக்காவும் இல்லை, நீயும் அங்கே இருக்கிறாய். மிச்சம் இருக்கிற ஆள் ஜமீன்தானே. அத்தையிடம் கொடுத்து உப்புக் காரம் போடாமல் வேக வைத்து, தொடையெலும்பு, விலா, முதுகெலும்பு என்று பங்கு முழுவதையும் இலை போட்டுப் பரிமாறினேன். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றான். உன் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்துதான் இந்தக் கூத்து. போகிறான், குந்துகிறான், முக்குகிறான், ஒன்றும் வரவில்லை. இரண்டு எட்டு நடந்து மறுபடி குந்துகிறான். முனகுகிறான். ஏக்கம்தான், வேறென்ன? நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், எனக்குத் தெரியாதா? விளக்கெண்ணெய் புகட்டினேன். பச்சைப் பிள்ளைகளுக்குச் செய்வது போல வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைத்துப் பார்த்தேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். கடிக்கவில்லை. ஜமீன் அல்லவா.

நீ ஒரு வரி எழுதிப் போடு. அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன். ஏக்கம் தெளிந்தால் தானாக இறங்கிவிடும்.

கூத்தையா


சிறை,
6.3.2025

மாமா,

உங்களுக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். இது ஜமீனுக்காக மட்டும்.

அது ஏக்கம் இல்லை. எலும்பு. வேக வைத்த எலும்பு வயிற்றுக்குள் போய்ச் சுண்ணாம்பு மாதிரி இறுகி அடைத்துக்கொள்ளும். அக்காள்மடத்தில் நான் ஐஸ் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் இப்படியே செத்ததைப் பார்த்திருக்கிறேன். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வெற்றிலைக் காம்பையும் விட்டுவிடுங்கள். அவன் குழந்தை இல்லை, பத்து வயது நாய். இதைப் படித்த கையோடு ராமநாதபுரத்துக்குக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

டாக்டர் கேட்டால் எவ்வளவு எலும்பு போட்டீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்களால் முடியுமா என்று தெரியவில்லை.

கோர்ட்டில் உங்களால் முடியவில்லை. வாய்க்கால் தகராறில் எதிராளியின் மண்டை என் கையால்தான் உடைந்தது. இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் முதலில் கம்பை ஓங்கியது அவன். அதைப் பார்த்தது நீங்கள் ஒருவர். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் போதும். “நாலு பேரை இந்த வலது கையாலேயே தூக்கி வீசுனேன்” என்றீர்கள். அவர்கள் வக்கீல் அந்தக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தோளுக்கு மேல் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் நீங்கள் சொன்ன எதையும் யாரும் எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

ஜமீன் வெளிக்குப் போனானா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

வசந்தகுமார்


கருவேலங்குளம்,
11.3.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

போனான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை அத்தைதான் படித்தாள். கடைசி வரை படித்தாள். நான் காதில் விழாதது போல முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து மூலையில் கிடந்த சாக்கை எடுத்து உதறினாள். “கெளம்புங்க” என்றாள்.

பரமக்குடியில் ஆட்டோ ஓட்டுகிற தாஹாவுக்குப் போன் போட்டேன். கீழக்கரைக்காரர், நல்ல மனுஷர். வந்து எட்டிப் பார்த்தார்.

“நாயா கூத்தையாண்ணே?”

“நாய்தான். ஆனா பேரு ஜமீன்.”

“ஜமீன்னா அவரு சீட்டுல படுக்கட்டும். நீங்க கீழ சாக்கப் போட்டு உக்காந்து வாங்க.”

ஜமீனைத் தூக்கி ஏற்றியது அத்தை. நான் தூக்கியதாக எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் பக்கத்திலேயே கிடந்தது. அத்தைதான் தூக்கினாள்.

ராமநாதபுரத்தில் மாரிச்செல்வி என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “என்ன போட்டீங்க?” என்றார்.

“கொஞ்சம் எலும்பு.”

அத்தை என் விலாவில் இடித்தாள்.

“ஒரு பங்கு எலும்பு” என்றேன்.

“பங்குன்னா?”

“ஒரு தலைக்கட்டுக்கு உள்ளதும்மா. ஒரு குடும்பம் திங்கிறது.”

டாக்டரம்மா ஜமீனை மேசையில் ஏற்றச் சொன்னார். கையுறையை மாட்டிக்கொண்டார். படம் எடுத்துக் காட்டினார்கள். மழையில் நனைந்து இறுகிப்போன உப்பு மூட்டை மாதிரி வெள்ளையாக, குடலின் கடைசியில் திரண்டு கிடந்தது. ஊசி போட்டு மயங்க வைத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய் வழியாக உள்ளே விட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தார். வந்தது ஒரு மரக்கால் இருக்கும். இல்லை, இரண்டு கையால் அள்ளினால் வருகிற அளவு. சுண்ணாம்புக் கட்டி மாதிரியே இருந்தது, நீ எழுதியது சரிதான். கடைசியில் ரத்தம் கொஞ்சம் வந்தது. வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். இதில் கூட்டல் இல்லை.

என் பக்குவத்தைப் பார்த்து டாக்டரம்மா, “நீங்க டாக்டருக்கே படிச்சிருக்கலாம்” என்றார். (அப்படிச் சொல்லவில்லை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்.)

மயக்கம் தெளிந்ததும் ஜமீன் எழுந்து தண்ணீர் குடித்தான். பூசணிக்காயை வேக வைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மருந்துத் தண்ணீரும் இருக்கிறது. “குடல் ரொம்ப விரிஞ்சு போச்சு. இனி அதுவாச் சுருங்கித் தள்ளணும். தள்ளலைன்னா உடனே தூக்கிட்டு வந்துருங்க” என்றார். நேற்று ஒரு தடவை போனான், பெருவிரல் அளவு. அத்தை கைதட்டிவிட்டாள்.

அதிகாரி ஐயா, உங்களுக்கும் சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

கூத்தையா


சிறை,
16.3.2025

மாமா,

கடிதம் கிடைத்தது. அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவர் விடுதலை ஆகிவிட்டதா என்று கேட்டார்.

அத்தையிடம் சொல்லுங்கள். பூசணியைத் தோல் விதை எடுத்துவிட்டு வேக வைக்கட்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் கஞ்சித் தண்ணீரை மோரைப் போல நீர்க்க ஆக்கி வைத்தால் குடிப்பான். காலையிலும் சாயங்காலமும் நடக்க விடுங்கள், படுத்தே கிடந்தால் குடல் அசையாது.

இன்னொன்று. அவன் குட்டியாக அக்காள்மடத்தில் கடலோர மணலில் திரிந்தவன். ஊருக்குக் கொண்டுவந்த பிறகும் நம் கரிசல் கட்டியில் உட்கார மாட்டான். ஓடைக்குப் போய் மணலாகப் பார்த்துத்தான் போவான். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் எழுந்துவிடுவான். அதனால் நான் கயிற்றை நீளமாக விட்டுவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பேசாதீர்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இதை யாருக்கும் சொன்னதில்லை. அதிகாரிகள் படிப்பார்கள், படிக்கட்டும். இங்கே கக்கூசுக்கு அரைக் கதவுதான். உட்கார்ந்தால் தலை வெளியே தெரியும். அடுத்து வருகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். வந்த புதிதில் எனக்கும் ஜமீன் கதைதான். வயிறு கல்லாகிவிட்டது. வெட்கத்தில் டாக்டரிடமும் சொல்லவில்லை. திருவாடானைக்காரர் ஒருவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். என் முறை வரும்போது ஒன்றும் பேசாமல் கதவுக்கு முன்னால் வந்து, துண்டை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். அதன் பிறகுதான் சரியானது. அவர் என்ன கேஸில் வந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஜமீன் முழுசாகத் தேறுகிறவரை மனு பார்க்க வர வேண்டாம். அவனை விட்டுவிட்டு நீங்கள் எங்கேயும் போகாதீர்கள்.

வசந்தகுமார்


கருவேலங்குளம்,
24.3.2025

மாப்பிள்ளை,

ஜமீன் போய்விட்டான்.

அதிகாரி ஐயா, இந்தக் கடிதத்தை அவன் கொஞ்சம் தனியாக இருக்கும்போது கொடுங்கள்.

நீ எழுதியதெல்லாம் செய்தோம். அத்தை பூசணியைத் தோல் சீவி வேக வைத்து மசித்துத்தான் கொடுத்தாள். தின்றான். கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தான். களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளற வந்த கோழிகளை எழுந்துபோய் விரட்டவும் செய்தான். பிறகு மறுபடி நின்றுவிட்டது. கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். தின்ற கொஞ்சத்தையும் கக்கினான்.

தாஹா ஆட்டோவில் மறுபடி ராமநாதபுரம் போனோம். டாக்டரம்மா வெகுநேரம் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“குடல் ஓஞ்சு போச்சுங்க. உள்ள ஒரு இடத்துல எலும்பு கிழிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். இனி வயித்தத் தெறந்துதான் பாக்கணும். மதுரைக்குக் கொண்டு போங்க.”

“தெறந்தா பொழச்சுருவானா?” என்று அத்தை கேட்டாள்.

“வயசாயிருச்சும்மா. தாங்கும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியலை.”

தாஹா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “காலையில வெள்ளன வந்துர்றேன். மதுரை வரைக்கும் ஆட்டோலயே மெதுவா உருட்டிட்டுப் போயிருவோம்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் எனக்கு ஒரு யோசனை. கத்தி வைக்கிறதுக்கு முன்னால் இன்னொரு தடவை மணலுக்குக் கூட்டிப் போய்ப் பார்ப்போம், இறங்கிவிட்டால் மதுரைக்கே போக வேண்டாமே என்று நினைத்தேன். “ஆட்டோ வர்ற நேரத்துல எங்க கூட்டிட்டுப் போறீக?” என்றாள் அத்தை. “இந்தா வந்துர்றோம்” என்றேன்.

நான் தூக்கவில்லை. அவனே நடந்து வந்தான். வழியில் இரண்டு இடத்தில் நின்றான், நானும் நின்றேன். ஓடையில் இறங்கி, மணலை மோந்து பார்த்து, சுற்றிச் சுற்றி வந்து, ஒரு இடம் பார்த்துக் குந்தினான். நீ எழுதியபடி கயிற்றை நீளமாக விட்டேன். திரும்பி நின்றுகொண்டேன். எதிரே உன் மிளகாய்க் கொல்லை. பேசவில்லை மாப்பிள்ளை. என் ஆயுளில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. சாமியிடம்கூட வாய்க்குள்தான் வேண்டினேன். கயிறு கையில் இருந்தது. அது அசையவில்லை. நன்றாகப் போகிறான் போலிருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பினால் படுத்திருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து தலையை எடுத்து மடியில் வைத்தேன். உன் பேரைச் சொன்னேன். தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு வைத்துக்கொண்டான்.

தாஹா வந்து ஓடையில் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மண்வெட்டியுடன் வந்தார். உன் கொல்லை ஓரத்தில் வைத்திருக்கிறோம். குழி வெட்டியது அவரும் அத்தையும். இந்தக் கையோடு நான் மண்ணைத் தள்ளினேன்.

உன் பங்கு உன் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்றுதான் செய்தேன். சபையில் பேசி வாங்கி, நானே இலை போட்டேன். அத்தை அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, வைது தீர்த்தால் தேவலை.

கூத்தையா


சிறை,
29.3.2025

மாமா,

அதிகாரி ஐயா நீங்கள் கேட்டபடியே செய்தார். தோட்ட வேலைக்குப் போன இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன்.

எலும்பு போட்டதற்காக உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சமில்லை. முதல் கடிதத்தைப் படித்தபோது, இந்த ஆள் என்னையும் கெடுத்தார், அவனையும் கெடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது அந்தக் கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், சரியாகக் கிடைக்கவில்லை. பூட்டிய வீட்டுக்குப் பங்கு எதற்கு என்று ஊரே கேட்டபோது எனக்காக எழுந்து நின்றது நீங்கள்தான். அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவர் உங்களை வைய வேண்டாம்.

கோர்ட்டில் நீங்கள் சொன்னதையும் இந்தக் கடிதத்தையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் கூட்டிச் சொன்னால் எனக்குத் தெரியும் மாமா. அதில் ஒரு மரக்கால் இருக்கும், ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பெரிய மனுஷர் வருவார், கடைசியில் நீங்கள் ஜெயிப்பீர்கள். “உன் பேரைச் சொன்னேன், தலையைத் தூக்கிப் பார்த்தான்” என்பதில் அப்படி ஒன்றுமே இல்லை. அதில் நீங்களே இல்லை. அதனால் நம்புகிறேன். உங்கள் வாயிலிருந்து வந்ததில் நான் முழுசாக நம்புவது இதுதான்.

போலீஸ் வேனுக்குப் பின்னால் அவன் பெரிய ரோடு வரை ஓடிவந்தான். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. நான் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பானோ என்று ஒரு பயம் இருந்தது. என் பேரைக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். இதைத் திருவாடானைக்காரரிடம் சொன்னேன். “அப்ப மறக்கலைல்லப்பா” என்றார். அன்றைக்குத்தான் தூங்கினேன்.

மனு பார்க்க வாருங்கள். அத்தையையும் கூட்டி வாருங்கள். கூப்பிட்டால் வெளியே வருவேன்.

வசந்தகுமார்


கருவேலங்குளம்,
3.4.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை அத்தை சத்தமாகப் படித்தாள். “கூப்பிட்டால் வெளியே வருவேன்” என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். உனக்கு என்ன கொண்டுவரலாம் என்று தாஹாவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் இந்தக் கடிதம் போய்ச் சேரட்டும், பிறகு போவோம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்கிறாள். ஜமீன் போனதைப் பற்றி உனக்கு எழுதியதைத்தான் அவளிடமும் சொல்லியிருந்தேன்.

நீ இதைப் படித்துவிட்டு, வரலாமா வேண்டாமா என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்று எழுதினாலும் சரி. அத்தையை மட்டும் அனுப்பு என்று எழுதினாலும் சரி.

ஓடை வரைக்கும் அவனே நடந்து வந்தது உண்மை. மணல் பார்த்துக் குந்தியது உண்மை. நான் வாயைத் திறக்காமல் திரும்பி நின்றது உண்மை. மடியில் வைத்துக்கொண்டு உன் பேரைச் சொன்னதும் உண்மை. ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன்.

தலையைத் தூக்கியது மட்டும் நான் சேர்த்தது. நான் திரும்பிப் பார்த்தபோதே முடிந்துபோயிருந்தது, மாப்பிள்ளை.

கூத்தையா